மீண்டு வருவோரின் கதைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீடுகளிலே இரவு வேளையிற் சீன மொழி ஒலிக்கின்றது என்றாற் சிலர் வியப்படையலாம். ஆயினும் அஃது உண்மையே. கைப்பேசித் திரையிலே வெண்ணிற ஆடை அணிந்த வீரர் வாளின்மீது நின்று முகில்களைக் கடக்கின்றனர். நரிக்குலத்துத் தேவமகள் பீச்மலர்க் காட்டினூடே நடந்து வருகின்றாள். திரையின் அடியிலே ஆங்கில எழுத்துக்கள் ஓடுகின்றன. இவற்றைக் கண்டு மகிழும் இரசிகை ஒருத்தி வடமராட்சியைச் சேர்ந்தவள்; திருநெல்வேலியிலே தங்கியிருந்து பல்கலைக்கழகத்திற் கற்பவள். பரீட்சைக் காலக் களைப்பைப் போக்கும் பொழுதுபோக்காகத் தொடங்கிய இப்பழக்கம் நாளடைவில் அவளுக்குச் சிந்தனைக்குரிய பொருளாயிற்று. அச்சிந்தனை சென்ற வழியை எடுத்துரைத்தலே இங்கு நோக்கமாகும்.

இத்தொடர்களின் இயல்பை முதலிலே சுருக்கமாக நோக்குதல் பொருத்தமானது. சீனர் இவ்வகைக் கதைகளை 'சியென்சியா' என்பர். சாவாநிலை எய்திய வீரர் கதை என்பது அதன் பொருள். 'சியென்' என்னும் சொல்லைக் குறிக்கும் சீன எழுத்து, மனிதன், மலை என்னும் இரு குறிகளின் சேர்க்கையாகும். மலையேறித் தவம் இயற்றிச் சாவைக் கடந்த மனிதனே 'சியென்' எனப்படுகின்றான். இம்மரபு பழமையானது. 16 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'மேற்றிசைப் பயணம்' என்னும் பெருங்கதை மந்திரமும் மாயமும் நிறைந்தது. 1932 இல் வெளிவரத் தொடங்கிய 'ஷூ மலை வாள்வீரர்' என்னும் நெடுந்தொடர்கதை இக்காலச் சியென்சியாப் புனைவுகளுக்கு வழிகாட்டியாயிற்று. 1980 களிலே சீன அரச தொலைக்காட்சி மேற்றிசைப் பயணத்தை 25 பகுதிகளாக ஒளிபரப்பிற்று. கணினி விளையாட்டொன்றைத் தழுவி 2005 இல் உருவான தொடரொன்று புதிய அலையைத் தோற்றுவித்தது. பின்னர், ஆங்கிலத்தில் 'எற்றேர்ணல் லவ்' எனப் பெயர் பெற்ற தொடர் 2017 இல் 58 பகுதிகளாகவும், 'தி அன்ரேம்ட்' எனப் பெயர் பெற்ற தொடர் 2019 இல் 50 பகுதிகளாகவும் வெளிவந்து சீனத்துக்கு அப்பாலும் பரவின. தொடர்கள் அளவின்றி நீளுதலைக் கண்ட சீன ஒளிபரப்பு நிருவாகம், பகுதிகள் 40 ஐ விஞ்சாதிருத்தல் வேண்டுமென 2020 இலே நெறிப்படுத்தியமையும் குறிப்பிடத்தக்கது.

இவ்வுலகினுள் நுழையும் தமிழ் மாணவி அங்கு அந்நியத்தை அதிகம் உணர்வதில்லை. தவத்தால் ஆயுளை நீட்டித்தல், பிறவி மாறிப் பிறத்தல், முற்பிறவிக் கடன் இப்பிறவியிலே வந்து பற்றுதல், தேவர்க்கும் அசுரர்க்கும் இடையே ஓயாத போர் ஆகியன யாவும் அவள் முன்பே கேட்டறிந்தவை. சித்தர் மரபிலே காயகற்பமும் கூடுவிட்டுக் கூடு பாய்தலும் பேசப்படுகின்றன. போகர் சீனம் சென்று வந்தாரென்னும் கதையும் வழங்குகின்றது. ஆராய்ச்சியாளரும் சில தொடர்புகளைச் சுட்டியுள்ளனர். மேற்றிசைப் பயணத்தின் குரங்கு வீரனுக்கு அனுமன் மூலமாதல் கூடுமென ஹூ ஷி என்னும் அறிஞர் 1923 இற் கருதினார். எழுத்தாளர் லூ சுன் அதனை ஏற்காது, குரங்கு வடிவினதான சீன நீர்ப்பூதம் ஒன்றின் கதையையே சுட்டினார். சீனச் சிறுவர் போற்றும் நேசா என்னும் இளந்தெய்வம் குபேரன் மகனாகிய நளகூபரனிலிருந்து தோன்றியது என்பர்.

இவற்றையெல்லாம் அறிந்தபொழுது, 'எல்லாம் எம்மிடமிருந்து சென்றவையே' என்று பெருமை கொள்ளும் ஆசை இரசிகைக்கும் எழுந்தது. எனினும் அப்பெருமையில் நிறைவு காண அவளால் இயலவில்லை. கொழும்பு நூதனசாலையிலே உள்ள கற்பலகையொன்று அவளுக்கு வேறொரு வழியைக் காட்டிற்று. சீனக் கடற்றளபதி செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடைய அக்கல்வெட்டு 1409 ஆம் ஆண்டுக்குரியது. 1911 இலே காலியிற் கண்டெடுக்கப்பட்டது. அதிலே சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகள் உள. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகின்றது. தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாரைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி இசுலாம் சார்ந்தது. வழங்கப்பட்ட காணிக்கைகளோ மூன்றிலும் பெரிதும் ஒத்தவை. ஒரே காணிக்கை மூன்று சந்நிதிகளிலே வைக்கப்பட்டது. குடாநாட்டை அடுத்த அல்லைப்பிட்டியிலே 1977 அளவிற் கண்டெடுக்கப்பட்ட சீன மட்பாண்டத் துண்டுகளும், ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்னரே இக்கரைக்கும் சீனத்துக்கும் கொண்டு கொடுத்தல் இருந்தமையைக் காட்டுகின்றன. எனவே யார் யாருக்குக் கொடுத்தார் என்னும் வினாவைக் காட்டிலும், கொடுக்கப்பட்ட பொருள் யாது என்னும் வினாவே பயனுடையதென அவள் எண்ணலானாள். இக்கதைகளிலே சீனரும் தமிழரும் ஒருங்கே வைக்கும் அந்தக் காணிக்கை யாது?

இவ்வினாவுக்கு விடை தேடுமுன் வேறொரு தடையை அவள் கடக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து இலக்கிய உலகிலே யதார்த்தம் என்னும் சொல்லுக்குத் தனி மதிப்புண்டு. 1974 இலே யாழ்ப்பாண வளாகத்தின் முதற்றலைவராகப் பொறுப்பேற்ற க. கைலாசபதி, 1968 இல் வெளிவந்த 'தமிழ் நாவல் இலக்கியம்' என்னும் நூலிலே யதார்த்த நெறியை வற்புறுத்தினார். சமூகத்தின் உண்மையான முரண்பாடுகளை எழுதுதலே எழுத்தாளன் கடன் என்னும் கருத்து இங்கு இரு தலைமுறைகளின் விமரிசனத்தை வழிநடத்தியது. அக்கருத்திலே பயின்ற மாணவிக்கு, வாள்மேற் பறக்கும் வீரரைப் பார்த்துக் கண்ணீர் விடுதல் ஒருவகை நாணத்தையே தந்தது. விரிவுரை மண்டபத்திலே நிலமற்றோர் கதைகளையும் சாதிக்கொடுமையை எதிர்த்தோர் கதைகளையும் ஆராய்ந்துவிட்டு, அறைக்கு வந்து தேவலோகக் காதலிலே மூழ்குதல் தப்பியோடுதல் அன்றி வேறென்ன?

இக்குற்றச்சாட்டிலே உண்மை இல்லாமல் இல்லை. இத்தொடர்கள் பெருமுதலீட்டின் விளைபொருள்கள். அழகிய நடிகரின் முகங்களே அவற்றின் முதன்மையான விற்பனைப் பண்டம். ஒரே வகைக் கதை, பெயரும் ஆடையும் மாறி மீண்டும் மீண்டும் வருகின்றது. தேவலோகத்திலே எவரும் உழுவதில்லை, சமைப்பதில்லை. பட்டாடை எங்கிருந்து வருகின்றது என்பதும் கூறப்படுவதில்லை. இரசிகை இவற்றை மறுக்கவில்லை. ஆயினும் தப்பியோடுவோர் தமக்குத் துயர் தரும் பொருளைவிட்டு அகல்வரேயன்றி அதனை நோக்கிச் செல்லார். இத்தொடர்களோ அவளை அவளது வீட்டிலே உள்ள ஒரு துயரத்தினிடமே மீண்டும் மீண்டும் கொண்டுசென்றன. இதனை உணர்ந்தபின்னரே 'தப்பியோடுதல்' என்னும் சொல் போதியதன்று என அவளுக்குத் தோன்றிற்று.

யாழ்ப்பாண மக்கள் இதற்கு முன்னர் எத்தகைய கதைகளிலே மனந்தோய்ந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் இங்கு உதவும். காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான தடவைகள் மேடையேற்றினார். கோயில் வீதியிலே பாயை விரித்து, கச்சானைக் கொறித்தபடி விடியும்வரை அதனைப் பார்த்தவர் பலர். முடிவை அறியாதார் அக்கூட்டத்தில் ஒருவரும் இலர். பாம்பு தீண்டி இறந்த மகனைத் தாய் சுடலைக்குச் சுமந்து வருவாள். கணவனே சுடலை காப்போனாக நின்று கூலி கேட்பான். கதையின் முடிவிலே இறந்த மகன் உயிர்பெற்றெழுவான். சத்தியவான் சாவித்திரி நாடகத்திலே மனைவி எமனோடு வாதாடிக் கணவனின் உயிரை மீட்பாள். மாரியம்மன் கோயில்களில் நேர்த்திக்காக ஆடப்படும் காத்தவராயன் கூத்திலே கழுமரம் ஏறுதலே உச்சக் கட்டம். இறப்பும் மீட்சியும் எம் அரங்கிலே அன்றுதொட்டுப் பேசப்பட்டவையே.

இவ்வரங்குகளும் ஒருகாற் கற்றோரால் இகழப்பட்டவை என்பது மனங்கொள்ளத்தக்கது. 1960 களிலே பேராதனையிற் சு. வித்தியானந்தன் மரபுக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றைத் தயாரித்தபின்னரே படித்தோர் பலரின் பார்வை மாறிற்று. கூத்திலே வரும் இராவணன் வரலாற்று மனிதன் அல்லன்; அவனது ஆட்டமும் அன்றாட நடை அன்று. ஆயினும் அவனது வீழ்ச்சியிலே வெளிப்படும் துயர் பொய்யென எவரும் கூறார்.

பின்னர் தொலைக்காட்சி வந்தது. 1987 முதல் 1988 வரை இராமாயணமும், 1988 ஒக்டோபர் முதல் 1990 ஜூன் வரை மகாபாரதமும் இந்தியத் தொலைக்காட்சியில் ஞாயிறுதோறும் இந்தியிலே ஒளிபரப்பாயின. கடல்கடந்து வரும் அவ்வலைகளைப் பற்றுதற்காகக் குடாநாட்டு வீடுகளின் மேலே உயரமான அன்ரனாக்கள் எழுந்தன. இந்தி அறியாதவர் இந்தித் தொடருக்கு முன் அமர்ந்திருந்தனர். கதை தெரிந்திருந்தமையால் மொழி தடையாகவில்லை. மகாபாரதம் நிறைவெய்திய அதே ஜூன் மாதத்திலே இங்கு போர் மீண்டும் மூண்டது. அதன்பின் மின்சாரமின்றிக் கழிந்த ஆண்டுகளிலே, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையாற் சுற்றி, டைனமோ தரும் மின்னால் வானொலி கேட்ட தலைமுறை ஒன்று வளர்ந்தது. இன்று விளங்காத சீன மொழியிலே கதை பார்ப்பவள் அத்தலைமுறையினரின் மகளே. ஆதலின் அவளது பழக்கம் புதுமையானதன்று. கருவி மட்டுமே புதிது.

எனினும் பழைய நாடகத்துக்கும் சீனத் தொடருக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாட்டை அவள் கண்டாள். அது காலம் பற்றியது. மயான காண்டத்திலே மாலையில் இறந்த மகன் விடியுமுன் எழுகின்றான். சாவித்திரியின் வழக்கும் நீண்டு செல்வதன்று. சத்தியமும் கற்பும் உடனே பயன் தருகின்றன. சீனத் தொடரிலோ மீட்சிக்கு அறம் மட்டும் போதாது, காத்திருத்தல் வேண்டும். எற்றேர்ணல் லவ் தொடரிலே மோ யுவென் என்னும் போர்த்தேவன் பகைவனை அடைக்கத் தன்னுயிர் ஈகின்றான். அவனுடைய மாணாக்கியாகிய பை ச்சியென் அவனது உடலைத் தன் நெஞ்சின் குருதியால் 70,000 ஆண்டுகள் பேணுகின்றாள். அதே தொடரிலே யே ஹுவா என்னும் இளவரசன், இறந்தாளெனத் தான் நம்பும் மனைவியின் உயிர்த்துணுக்குகளைச் சேர்ப்பதற்கு ஒரு விளக்கை ஏற்றி 300 ஆண்டுகள் காத்திருக்கின்றான். தி அன்ரேம்ட் தொடரிலே வெய் வூஷியென் என்பவன் மலையுச்சியிலிருந்து வீழ்கின்றான். 16 ஆண்டுகளின் பின்னரே உலகுக்குத் திரும்புகின்றான். அவனுடைய தோழன் லான் வாங்ஜி அவனை மறவாதவனாக அவ்வாண்டுகளைக் கழிக்கின்றான். லான் குலத்தார் ஏழு நரம்புகள் கொண்ட இசைக்கருவியால் இறந்தோரின் ஆவிகளை வினவுவர்; வினவப்பட்ட ஆவி பொய் உரைக்காது. யாழின் பெயராற் குடாநாடு பெயர் பெற்றதென்னும் மரபுக் கதையைக் கேட்டு வளர்ந்தவளுக்கு, இறந்தாரை வினவும் நரம்பிசை நெஞ்சைத் தொடாது விடுமா?

இரசிகையின் வீட்டிலே காத்திருத்தல் என்பது கதையன்று. 1996 ஆம் ஆண்டிலே ஒரு காலை சைக்கிளிற் புறப்பட்ட அவளுடைய மாமா இன்றுவரை திரும்பவில்லை. அவர் காணாமற் போய்ச் சில ஆண்டுகளின் பின்னரே அவள் பிறந்தாள். அவளறிந்த மாமா சுவரிலே தொங்கும் நிழற்படமே. அப்படத்துக்கு மாலை இடப்படுவதில்லை. இறந்தவரின் படத்துக்கல்லவா மாலை? அம்மம்மா அவருக்கு எட்டுச் செலவு செய்யவில்லை. கீரிமலைக்குச் சென்று அந்தியேட்டி செய்யவும் இசையவில்லை. அரிச்சந்திரன் மனைவிக்குச் சுமப்பதற்கு ஓர் உடல் இருந்தது. சாவித்திரியின் மடியிலே ஓர் உடல் கிடந்தது. பை ச்சியென் பேணுதற்கும் ஓர் உடல் இருந்தது. அம்மம்மாவுக்கு அதுவும் இல்லை. இறந்தான் என்று அழவும், இருக்கின்றான் என்று ஆறவும் இயலாத நிலை அது.

இந்நிலை அவ்வீட்டுக்கு மட்டும் உரியதன்று. இறந்தோர் என்றும் உயிரோடிருப்போர் என்றும் கூறப்பட இயலாதவர்க்காகக் 'காணாமற் போனமைக்கான சான்றிதழ்' வழங்கச் சட்டம் 2016 இலே இயற்றப்பட்டது. காணாமற் போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் அதே ஆண்டிலே நிறைவேறியது. 2017 பெப்ரவரி 20 இலே கிளிநொச்சியில் உறவினர் தொடங்கிய தொடர் போராட்டம் ஆண்டுகள் பலவற்றைக் கடந்து நீடித்தது. பதில் கிடையாமலே உயிர்நீத்த பெற்றோர் பலர். உயிர்க்கும் இறப்புக்கும் இடையே ஒரு மூன்றாம் உலகம் உண்டென்பதைச் சீனப் புனைவாசிரியர் கற்பனையாற் படைத்தனர். இந்நாட்டிலோ அதற்குச் சான்றிதழே உண்டு.

விடுமுறையில் வீடு சென்ற இரசிகை தி அன்ரேம்ட் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தபொழுது அம்மம்மாவும் அருகே வந்தமர்ந்தார். மொழி விளங்காது, ஆங்கில எழுத்தும் வாசிக்கத் தெரியாது. பேர்த்தி கதையைச் சொல்லச் சொல்லக் கேட்டிருந்தார். அதன்பின் நாள்தோறும் மாலையிலே, "உவன்ரை கதையைப் போடு பிள்ளை" என்று கேட்கத் தொடங்கினார். பேர்த்திக்கோ அச்சம். திரும்பி வருபவனின் கதையைக் காட்டிக் கிழவியின் நெஞ்சிலே பொய்யான நம்பிக்கையை வளர்க்கின்றோமோ என்னும் ஐயம் அவளை வாட்டிற்று. ஒரு நாள் நிறுத்திவிடவும் எண்ணினாள். ஆனால் அம்மம்மா கதையைக் கேட்ட விதம் அவள் நினைத்தவாறு இருக்கவில்லை. வெய் வூஷியென் திரும்பி வந்ததை அவர் வியக்கவில்லை. அவனுடைய வளர்ப்புத் தந்தையும் தாயும் முன்பே மாண்டனர். அன்பு மிக்க அக்காவும் மாண்டாள். அவன் காத்த மக்களுட் பெரும்பாலாரும் அழிந்தனர். அவருள் ஒருவரும் அவனைப்போல் முழுமையாக மீண்டு வரவில்லை. இதனைக் கேட்ட அம்மம்மா சற்றுநேரம் பேசாதிருந்து, "வந்தவனுக்கு இனி ஆர் இருக்கினம் பிள்ளை?" என்றார். பின்னர் தணிந்த குரலிலே, "உன்ரை அம்மப்பாவும் போட்டார். இவன் வந்தாலும் அவரைத் தேடுவான்" என்றார்.

இவ்வொரு வினா இரசிகையின் சிந்தனையைத் திருப்பிவிட்டது. அம்மம்மா தொடரிலே நாடியது மகன் வருவானென்னும் உறுதிமொழியை அன்று. எத்தனையோ ஆண்டுகளாக அலுவலகங்களிலும் கோயில்களிலும் சாத்திரம் கூறுவோரிடத்தும் உறுதிமொழிகளை அவர் கேட்டுவிட்டார். அவர் நாடியது, காத்திருத்தலைப் பெரிய செயலாக மதிக்கும் ஒரு கதையை. அயலாருக்கு அவரது காத்திருப்பு அறியாமை. உறவினருக்கு அது பிடிவாதம். அதிகாரிகளுக்கு அது ஒரு கோப்பு. 70,000 ஆண்டுகள் காத்திருந்தவளைத் தேவியெனப் போற்றும் உலகிலே, ஏறத்தாழ மூன்று பதிற்றாண்டுகள் காத்திருந்த தாய் பேதை ஆகாள். அதுமட்டுமன்று. திரும்பி வருதல் எல்லாவற்றையும் திருத்திவிடாது என்பதையும் அக்கதை அவருக்கு மறைக்கவில்லை. தம் நெஞ்சிலே நெடுங்காலம் வைத்திருந்து எவரிடமும் கூறாத ஐயத்தைச் சொல்லுதற்கு அந்நிய நாட்டு வீரன் ஒருவன் அவருக்கு வாயிலானான். சொந்த மகனைப் பற்றி நேரடியாகக் கேட்டிருந்தால் அவ்வினா வாய்க்கு வந்திராது.

இவ்விடத்திலேயே, சீனரும் தமிழரும் வைக்கும் காணிக்கை யாதென்னும் முன்னைய வினாவுக்கு அவள் விடை கண்டாள். பிரிந்தோர் மீள்வர் என்னும் நம்பிக்கையே அக்காணிக்கை என முதலிலே நினைத்திருந்தாள். அதனினும் நுண்ணியது, பிரிந்தோர்க்காகச் செலவிட்ட காலம் வீண் ஆகாது என்னும் விருப்பம். எம் பழைய அரங்கு அதனை ஓர் இரவினுள் அடக்கிக் காட்டிற்று. சீனத் தொடர் அதனைப் பல்லாயிரம் ஆண்டுகளாக நீட்டிக் காட்டுகின்றது. ஓர் இரவிலே தீராத துயரைக் கண்ட தலைமுறைக்கு நீண்ட கதையே பொருந்துகின்றது போலும்.

ஆயினும் புனைவின் எல்லையையும் அவள் மறந்தாளில்லை. தொடரின் பகுதிகள் 50 என்பது முதல் நாளே தெரியும். துயரம் எத்துணை மிகினும் எத்தனையாவது பகுதியிலே அது தீருமென்று கணக்கிடலாம். அம்மம்மாவின் காத்திருப்புக்கு அத்தகைய எண்ணிக்கை இல்லை. கதையிலே ஆவி பொய் உரைக்காது. நாட்டிலே வினவப்படுவோர் யாவரும் உயிரோடு இருப்பவர், பதிலோ கிடைப்பதில்லை. இவ்வேறுபாட்டை மறைக்கும் புனைவு மயக்க மருந்தாகும். உணர்த்தும் புனைவு அறிவாகும். ஒரே தொடர் பார்ப்போர்க்கேற்ப இவ்விரண்டுமாகலாம். எனவே ஒரு படைப்பு யதார்த்தமானதா என்று மட்டும் வினவுதல் போதாது. அது பார்ப்போரை அவர்தம் வாழ்விலிருந்து அகற்றுகின்றதா, அன்றி அவ்வாழ்விலே சொல்லமுடியாதிருந்த ஒன்றைச் சொல்லவைக்கின்றதா என்றும் வினவுதல் வேண்டும். சமூக உண்மையை நாடிய எம் விமரிசன மரபுக்கு இவ்வினா பகையன்று, அதன் தொடர்ச்சியே.

பல்கலைக்கழகங்களிலே மக்கள் விரும்பிப் பார்ப்பவற்றை இகழ்ந்தொதுக்குதல் எளிது. கூத்தையும் இசைநாடகத்தையும் அவ்வாறு ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது; அவற்றை ஆராயத் தொடங்கியபொழுது அவற்றிலே எம் மக்களின் நெஞ்சைக் கண்டோம். இன்று கைப்பேசித் திரையிலே ஓடும் அந்நியக் கதைகளைப் பற்றியும் அத்தகைய நிதானமான நோக்கு வேண்டும். இவற்றைப் பார்ப்போர் யார், எந்த இழப்போடு அவர் அத்திரைமுன் அமர்கின்றார் என்பதை அறியாது கூறப்படும் விமரிசனம், பாதி நூலை வாசித்து எழுதிய மதிப்புரையை ஒக்கும். மற்றைப் பாதி குடாநாட்டின் வீடுகளிலே, மாலை சூட்டப்படாத நிழற்படங்களின் கீழே இருக்கின்றது.